தீவில் சூழலுக்காக வேலை செய்பவரின் ஒரு நாள் உண்மையில் எப்படி இருக்கும்?

வற்றுக்கரை

வணக்கம். கடல் உயிரியல் படித்து முடித்திருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு வெப்பமண்டலத் தீவில், சிறிய சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றில் சேரப் போகிறேன். களப்பணி, மக்களோடு பேசுவது, மனு எழுதுவது எல்லாம் உண்டு என்றார்கள். வேலை அறிவிப்பில் இருந்த படத்தில் ஒருவர் நீலத் தண்ணீரில் ஆமையோடு நீந்துகிறார். வீட்டில் அதைப் பார்த்துவிட்டு "இது வேலையா, விடுமுறையா?" என்று கேட்கிறார்கள். எனக்கே பதில் தெரியவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னதான் செய்வீர்கள்? தீவில் இருப்பவர்கள் யாராவது ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கரைநடை

ஒன்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒளிக்காமல் சொல்வதென்றால், நாளில் பெரும்பகுதி கணக்கு எழுதுவதில் போகும். கடலில் இறங்குவது வாரத்தில் இரண்டு மூன்று முறைதான், அதுவும் காற்று விட்டால்.

ஆமை முட்டையிடும் மாதங்களில் நாலரைக்கு எழுந்துவிடுவேன். வெளிச்சம் வரும்போது கரையில் நிற்க வேண்டும். காற்று எழும்பினால் மணல் தடத்தை மூடிவிடும், ஆள் நடமாட்டம் தொடங்கினால் மிதிபட்டுப் போகும். ஆமையை நேரில் காண்பது குறைவு. தடத்தைப் பார்த்துத்தான் எந்த ஆமை வந்தது என்று சொல்வோம். பச்சை ஆமை முன் துடுப்பு இரண்டையும் ஒரே நேரத்தில் ஊன்றி உடலை இழுக்கும், அதனால் இரண்டு பக்கக் குழிகளும் நேருக்கு நேர் இருக்கும். பங்குனி ஆமையும் அழுங்காமையும் மாற்றி மாற்றி ஊன்றும், குழிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். அகலத்தை நாடாவால் அளப்பேன். ஏறிய தடம், இறங்கிய தடம், நடுவில் மணல் கிளறியிருக்கிறதா, இல்லை முட்டையிடாமலே திரும்பிவிட்டதா, எல்லாம் நோட்டில் ஏறும்.

முட்டையிடாமல் திரும்பியதை எதற்கு எழுத வேண்டும் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஆமைகள் திரும்பிப் போனால் அங்கே ஏதோ அவற்றை விரட்டுகிறது என்று அர்த்தம். வெளிச்சமாக இருக்கலாம், நாய்களாக இருக்கலாம், புதிதாகக் கட்டிய சுவராக இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலை.

ஒரு காலை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. குஞ்சு பொரித்த கூட்டிலிருந்து தடங்கள் விசிறிபோலக் கடலை நோக்கி விரிந்திருக்க வேண்டும். அன்று எல்லாத் தடங்களும் நிலத்தின் பக்கம் திரும்பி, கொத்தாக ஒரு விடுதியின் விளக்குகளை நோக்கிப் போயிருந்தன. இருட்டில் குஞ்சுகள் அடிவானத்தில் எது வெளிச்சமாகத் தெரிகிறதோ அங்கே போகும். விளக்கே இல்லாத கரையில் அந்த வெளிச்சம் கடல்தான். தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். சில கொடி வேரில் சிக்கியிருந்தன. மற்றவை சிமெண்டு வடிகாலில் விழுந்து, ஏற முடியாமல் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன. அடியில் இருந்த தூசியில் அந்த வட்டம் தெளிவாகப் பதிந்திருந்தது. எல்லாம் காய்ந்து போயிருந்தன. ஒன்றை மட்டும் எடுத்தபோது துடுப்பை அசைத்தது. கண்ணைச் சுற்றி மணல் ஒட்டியிருந்தது. ஈர மணலில் விட்டேன், தானே நடந்து அலைக்குள் போனது.

அழுதுகொண்டே விடுதி மேலாளரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார், "ஒரு நாள் நடந்ததை வைத்து விளக்கை அணைக்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்போது அவர் மேல் கடும் கோபம் வந்தது. என் கையில் இருந்தது ஒரு நாள் கதை மட்டும்தான் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தப் பருவம் முழுக்க ஒவ்வொரு கூட்டிலிருந்தும் தடம் எந்தத் திசையில் போனது என்று திசைகாட்டி வைத்து எழுதினோம். விளக்கு எரிந்த இரவு, மின்சாரம் நின்ற இரவு, நிலா வெளிச்ச இரவு எல்லாவற்றையும் பிரித்துக் குறித்தோம். அடுத்த ஆண்டு அந்தத் தாள்களை மேசையில் வைத்தபோது பேச்சே மாறியது. கடலைப் பார்த்த வெள்ளை விளக்குகளை எடுத்துவிட்டு, முழங்கால் உயரத்தில், மேலே மூடியிட்ட மஞ்சள் விளக்குகளைப் போட்டார்கள்.

பகலில் நடப்பதை அப்புறம் எழுதுகிறேன். இப்போது கரைக்குப் போக வேண்டும்.

துடுப்பு

நான் தீவிலேயே பிறந்தவன். அப்பா மீன்பிடித்தார், நான் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். தங்கச்சி, நீங்கள் வருவதற்கு முன் எங்கள் பக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களைப் போலப் படித்தவர்கள் வருவார்கள். முதல் மாதம் எங்களோடு கடலுக்கு வந்து எங்கே எந்த மீன் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வரைபடம் வரும். நாங்கள் காட்டிய இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருக்கும், இனி இங்கே பிடிக்கக் கூடாது என்பார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். கோடு மட்டும் எங்களோடு இருக்கும். கடல் கெட்டுப்போவது எங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் தெரிந்தது எங்களுக்குத்தான்.

கண்டல்

துடுப்பு அண்ணன் சொல்வது உண்மை, நானே அப்படி ஒரு தவறு செய்தவன். எங்கள் அமைப்பு அலையாத்தி, அதாவது கரையோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரம், நடும் வேலையை எடுத்தது. நட இடம் கேட்டபோது யாரும் உரிமை கொண்டாடாத சேற்றுத் திட்டைக் காட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து வரிசை வரிசையாக நட்டோம், படம் எடுத்தோம். வலை கட்டும் ஒரு பெரியவர் அன்றே சொன்னார், "தம்பி, அங்கே தண்ணீர் வடியவே வடியாது" என்று. நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நான்கு மாதத்தில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. வேரும் தண்டும் நாள் முழுக்க முங்கிக் கிடந்தால் அது எப்படி மூச்சுவிடும்?

அலையாத்தி பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்துக்கும் உயர் ஓத மட்டத்துக்கும் (கடல் ஏறி நிற்கும் உச்ச மட்டம்) இடைப்பட்ட நிலத்தில்தான் நிற்கும். அதற்குக் கீழே நட்டால் செத்துவிடும். அங்கே கடற்புல் இருந்தால் அதையும் மிதித்து அழித்துவிட்டு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்டதில் பெரும்பகுதி பிழைக்கவில்லை, பிலிப்பைன்ஸிலும் இதே கதை நடந்திருக்கிறது. இப்போது நான் கன்று நடுவதே குறைவு. தண்ணீர் வந்து போகும் வாய்க்கால் அடைபட்டிருந்தால் வெட்டிவிடுகிறேன். விதை தானே மிதந்து வந்து ஊன்றிக்கொள்கிறது. இதில் படம் எடுத்துப் போட எதுவும் இருக்காது, அதனால் நிதி கேட்பதுதான் கஷ்டம்.

அந்தப் பெரியவரிடம் பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எந்த இடமானாலும் முதலில் அவரோடு கடல் வற்றும் நேரத்தில் ஒரு நடை போய்விட்டுத்தான் முடிவெடுக்கிறேன்.

கரைநடை

துடுப்பு அண்ணா, நீங்கள் சொன்ன சிவப்புக் கோட்டை நானும் பார்த்திருக்கிறேன். மறுக்க எதுவும் இல்லை.

வேறு மாதிரி நடந்த ஓர் இடத்தையும் சொல்ல ஆசை. பிலிப்பைன்ஸில் 'அப்போ' என்று ஒரு சின்னத் தீவு. 1982இல் அங்கே பவளத்திட்டின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மீன்பிடிப்பதை நிறுத்தினார்கள். சில்லிமான் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலா அதற்கு முன்பே பல ஆண்டுகளாகத் தீவு மக்களோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அது நடந்தது. எல்லைக்குக் காவல் இருந்ததும் மீனவர்கள்தான். ஆண்டுகள் போகப் போக மூடிய பகுதியில் மீன் பெருகியது, பக்கத்தில் பிடிப்பவர்களுக்கும் அது தெரிந்தது. கோட்டை எங்கே போடுவது என்று மீன்பிடிப்பவர்கள் முடிவு செய்த இடம் அது.

நான் கற்றது இதுதான்: கேட்டு எழுதிக்கொண்டு போனதை முதலில் சொன்னவரிடமே திருப்பிக் காட்ட வேண்டும். எங்கள் பவளக் கணக்கை ஆண்டுக்கு ஒரு முறை படகுத்துறையில் ஒட்டுகிறோம். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். ஒரு முறை ஒரு திட்டின் பெயரையே தவறாக எழுதியிருந்தோம், அதை அடித்துத் திருத்தியது ஒரு மீனவர் மகள்.

சரி, பகல் வேலை. வெயில் ஏறுவதற்கு முன் கடலில் இறங்கும் நாட்களில், ஐம்பது மீட்டர் நாடாவைத் திட்டின் மேல் விரித்து, அரை மீட்டருக்கு ஒரு முறை அடியில் என்ன இருக்கிறது என்று எழுதுவோம். உயிருள்ள பவளமா, செத்ததா, பாசியா, மணலா. தண்ணீருக்குள் எழுத பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும் போதும். கூடவே ஒரு நிற அட்டை உண்டு, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. பவளத்தின் பக்கத்தில் பிடித்து 1 (மிக வெளிறியது) முதல் 6 (மிக அடர்ந்தது) வரை எந்த நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் உணவில் பெரும்பங்கும் தருகிறது. தண்ணீர் தாங்க முடியாமல் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும், வெளுத்துவிடும். வழக்கமான கோடை உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே போதும்.

2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பை அறிவித்தார்கள். 1998, 2010, 2014–17 மூன்றுக்கும் அடுத்தது இது. எங்களுக்கு அந்தச் செய்தி ஏற்கனவே கையில் இருந்தது. அட்டையில் 5 இருந்த பவளம் 3 ஆனது, பிறகு 1. வெளுத்த உடனே செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் குளிர்ந்தால் சில மீண்டுவிடும். அதனால் வாராவாரம் அதே பவளங்களைப் போய்ப் பார்த்தோம். மேசை அளவு பரந்த ஒரு கொம்புப் பவளம். ஒரு வாரம் பனி போல வெள்ளை, அடுத்த வாரம் நுனிகளில் மட்டும் மெல்லிய ஊதா, அதற்கடுத்த வாரம் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது. பாசி படர்ந்தால் முடிந்தது. அன்று பலகையில் 'இறந்தது' என்று எழுதிவிட்டுப் படகில் ஏறி யாரும் பேசவில்லை.

நல்லதண்ணி

கடலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். தீவில் என் நாள் முழுக்கக் கிணறு.

சின்னத் தீவுகளில் நிலத்தடியில் மழைத் தண்ணீர் தனிக் குளமாக இருப்பதில்லை. அடியில் உப்புத்தண்ணீர், அதன் மேல் நல்ல தண்ணீர் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை அது இருக்கும் என்பது பாடக் கணக்கு. திருப்பிப் பார்த்தால்தான் பயம் தெரியும். மேலே கொஞ்சம் இறைத்து மட்டம் குறைந்தாலும் கீழே உப்பு பல மடங்கு மேலேறி வரும். ஏறியது லேசில் இறங்காது.

அதனால் கடத்துதிறன் மீட்டரோடு வீடு வீடாகப் போவேன். தண்ணீரில் உப்பு கூடினால் அதில் எண் ஏறும். கிணற்றில் வாளி விட்டு, மீட்டரை வைத்து, எண்ணைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிவிட்டு வருவேன். போன மாத எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்த மாதமும். சுவரில் எழுதத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்காரர்களே பேசத் தொடங்கினார்கள். "எங்கள் எண் ஏறிக்கொண்டே போகிறதே, பக்கத்தில் புது மோட்டார் போட்டதாலா?" என்று ஒரு பாட்டி கேட்டார். அந்தக் கேள்வியை நான் நூறு கூட்டம் போட்டாலும் கொண்டு வந்திருக்க முடியாது. ஆழ்துளை வேண்டாம், பல இடங்களில் ஆழமில்லாத கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்போம் என்ற பேச்சு அந்தத் தெருவிலிருந்துதான் கிளம்பியது.

வற்றுக்கரை

எல்லோருக்கும் நன்றி. நான் படித்தபோது கிணறு என்ற சொல்லே வந்ததாக நினைவில்லை. மனு எழுதும் வேலை எப்படி இருக்கும்? அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எதிர்த்துப் பேசினால் ஆபத்து வருமா என்று அம்மா கேட்கிறார்.

நெய்தல்நிலா

சட்டப் பக்கம் நான் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். இரவு வேலை அது. ஒரு துறைமுகமோ விடுதியோ வரும்போது சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வரும், நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் எதிர்க்க வேண்டும் என்று உட்காராதீர்கள். முதலில் களஆய்வு எந்த மாதம், எத்தனை நாள், ஓதத்தின் எந்த நேரத்தில் நடந்தது என்று பாருங்கள். ஓர் அறிக்கையில் 'கடற்புல் காணப்படவில்லை' என்று இருந்தது. அந்த இடத்தில் வற்று நேரத்தில் கணுக்கால் தண்ணீரில் நடந்தாலே புல் காலில் படும். தேதி, நேரத்தோடு எங்களிடம் நான்கு ஆண்டுப் படங்கள் இருந்தன. பொது விசாரணையில் அந்த ஒரே வரியைப் பற்றித்தான் பேசினோம். மறு ஆய்வுக்கு உத்தரவானது. இறுதி முடிவு இன்னும் வரவில்லை.

தகவல் கேட்பதும், முடிவெடுக்கும்போது மக்கள் பங்கெடுப்பதும் 1992இல் ஐநா சூழல் மாநாட்டில் நாடுகள் ஏற்ற ரியோ பிரகடனத்தின் பத்தாவது கோட்பாட்டிலேயே இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அது எந்த வடிவில் இருக்கிறது என்று போன முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். சின்னத் தீவுக்காரர்களின் குரல் எங்கே எடுபடும் என்று யாராவது கேட்டால் வனுவாட்டுவைச் சொல்லுங்கள். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய கோரிக்கையை வனுவாட்டு அரசு ஐநா வரை கொண்டுபோனது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைக் காப்பதில் நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டு என்று கருத்துரை தந்தது.

அம்மாவின் கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டேன். 2023இல் மட்டும் உலகம் முழுக்க நிலத்துக்காகவும் சூழலுக்காகவும் நின்ற 196 பேர் கொல்லப்பட்டதாக குளோபல் விட்னஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு பதிவு செய்திருக்கிறது. எல்லா இடமும் ஒன்றுபோல இல்லை, ஆனால் கவனம் வேண்டும். இரவுக் கரைநடைக்குத் தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். பதிவுகளின் நகல் இரண்டு இடங்களில் இருக்கட்டும். கடிதத்தில் தனி ஆளின் பெயரை இழுக்காமல் செயலை மட்டும் எழுதுங்கள். கையெழுத்தை எப்போதும் பலர் சேர்ந்து போடுங்கள்.

கண்டல்

எண்ணெய்க் கசிவு, கப்பல் விபத்து என்று ஒரு நாள் எல்லாத் திட்டத்தையும் புரட்டிப் போடும், அதையும் சொல்லி வைக்கிறேன். 2020இல் மொரீஷியஸில் வாகாஷியோ கப்பல் பவளத்திட்டில் மோதி சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கொட்டியபோது, ஊர் மக்கள்தான் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து மிதவைத் தடுப்பு செய்தார்கள். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து 1,600 டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் குருணைகள் இருந்த சரக்கு கடலுக்குப் போனது. பருப்பு அளவு மணிகள் அவை. மணலைச் சல்லடையில் அரித்து அரித்து எடுத்தார்கள். அப்படிப்பட்ட நாளில் 'முன்பு இந்தக் கரை எப்படி இருந்தது?' என்று கேட்பார்கள். அதற்குப் பதில் யாருடைய நோட்டிலாவது இருக்க வேண்டும்.

துடுப்பு

தங்கச்சி, நான் முதலில் கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன். சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வந்தார், உங்கள் வயதுதான் இருக்கும். நங்கூரம் போட வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. என் படகில் வந்து, நங்கூரம் விட்ட இடத்தில் குதித்துப் பார்த்து, ஏறி வந்து, "அண்ணா, நீங்களும் ஒரு தடவை பாருங்கள்" என்றார். சிறு வயதிலிருந்து அந்த இடத்தில் நங்கூரம் போடுகிறேன், ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. சங்கிலி காற்றுக்குத் தகுந்தபடி அரைவட்டமாக இழுபட்டு, அந்த வட்டத்துக்குள் எல்லாம் நொறுங்கல். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும் என்றார். அங்கே உடைந்து கிடந்த ஒன்று என் இடுப்பு உயரம் இருந்தது. அது என் தாத்தாவுக்கு முந்தியது.

பிறகு படகுக்காரர்கள் சேர்ந்து மிதவை போடக் கேட்டோம். இப்போது அதில்தான் கட்டுகிறோம். அப்பா இன்னும் உங்கள் ஆட்களை நம்பவில்லை. ஆனால் அந்தப் பெண் ஆறாவது ஆண்டாக இங்கேயே இருக்கிறார், அதை அப்பாவும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வற்றுக்கரை

துடுப்பு அண்ணா, இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எத்தனை வருடம் இருப்பாய்?" என்று கேட்டார். ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. அதற்கு மேலும் இருக்கத்தான் ஆசை.

கடைசியாக ஒன்று. போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போவது?

கரைநடை

பென்சில், நிறைய. பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். மங்கலான சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச் ஒன்று, ஆமைக்கு அது அவ்வளவாகத் தொந்தரவு தராது. முழுக்கைச் சட்டை. பூசும் தைலத்தைவிட அது நல்லது. சில தைலங்களில் உள்ள ஆக்ஸிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கேடு என்று 2020இலிருந்து பலாவுவும் 2021இலிருந்து ஹவாயும் அவற்றின் விற்பனையைத் தடுத்திருக்கின்றன. முட்டையைக் கண்டால் கை வைக்காதீர்கள். இட்டு சில மணி நேரம் ஆன பிறகு புரட்டினால் உள்ளே கரு செத்துவிடலாம். எது தெரியாவிட்டாலும் 'தெரியவில்லை' என்றே நோட்டில் எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

இன்று காலை போய்விட்டு வந்தேன். இரவு இரண்டு கூடுகள் பொரித்திருக்கின்றன. விடுதிப் பக்கத்துக் கூட்டில் எல்லாத் தடங்களும் விசிறியாகக் கடலுக்கு. வடக்குப் பக்கத்தில் பாதித் தடங்கள் மறுபடி நிலத்தை நோக்கி வளைந்திருந்தன. பின்தொடர்ந்ததில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டு மாடியில் பெரிய வெள்ளை விளக்கு. ஏழு குஞ்சுகளைக் கொடிக்குள்ளிருந்து எடுத்து ஈர மணலில் விட்டேன். திசையைக் குறித்திருக்கிறேன், இது முதல் நாள் பதிவு. சாயங்காலம் அந்த வீட்டம்மா வந்துவிடுவார் என்றார்கள். போய்ப் பார்த்துப் பேச வேண்டும்.